வெண்டல் காலி செய்த சனிக்கிழமை

வெண்டல் டிட்மோர் இப்போது எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் பெயின்ட் கலக்கிக் கொடுக்கிறார். ஒரு டப்பா வெள்ளை கேட்டாலும் மூடியைத் திறந்து காட்டி, "சரியா இருக்கா, நல்லா பாத்துக்கோங்க" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் மூடுவார். ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடம், பன்னிரண்டு கல்லூரிகள் எந்தச் சனிக்கிழமை எந்த மைதானத்தில் யாரோடு மோத வேண்டும் என்று தீர்மானித்தவர் இந்த மனிதர்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "குடியா?" என்று கேட்பார்கள். குடியில்லை. குடியாக இருந்திருந்தால் எங்கள் ஊர் அவருக்காக ஜெபம் செய்து, மன்னித்து, கையோடு கோழிக்கறியும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கும்.

நான் மேவிஸ். கல்லூரிகளின் கூட்டமைப்பு அலுவலகத்தில் போன் எடுத்துக்கொண்டும் தபால் பிரித்துக்கொண்டும் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டும் என் பாதி வயதைக் கழித்தவள். பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான் எங்கள் அலுவலகம். கீழே யாராவது பல்லைப் பிடுங்கக் கொடுத்துக் கத்தினால் மேலே எங்களுக்குக் கேட்கும். எங்களுக்கு வரும் போன்களும் ஏறக்குறைய அதே சத்தத்தில்தான் இருக்கும். "எங்க பசங்களை மட்டும் ஏன் ரெண்டு வாரம் தொடர்ந்து வெளியூர் அனுப்புறீங்க?" என்று ஒரு பயிற்சியாளர். "எங்க பழைய மாணவர் விழா அன்னைக்கு அந்த முரட்டு டீமையா போடுவாங்க?" என்று ஒரு கல்லூரித் தலைவர். எல்லாருக்கும் வெண்டல் ஒரே குரலில் பதில் சொல்வார்.

எங்கள் அலபாமாவில் கால்பந்து என்பது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. காலைவிடத் தோளுக்குத்தான் அதில் வேலை. அந்த ஆட்டம் நடக்கும் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் இங்கே புத்தியுள்ளவர்கள் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் மாப்பிள்ளை வருவானா என்பதே சந்தேகம். என் சித்தப்பா ஒரு அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை செத்துப்போனார். அடக்கத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். "அவரே அதைத்தான் விரும்பியிருப்பார்" என்று சித்தி சொன்னாள், யாரும் மறுத்துப் பேசவில்லை.

எல்லா ஆட்டத்துக்கும் மேலே ஒரு ஆட்டம் உண்டு. ஆற்றுக்கு இந்தக் கரையில் லாக்வுட் கல்லூரி, அந்தக் கரையில் பெய்ன்ஸ் கல்லூரி. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை இரண்டும் மோதும். என் அம்மாவின் காலத்திலும் அதே சனிக்கிழமைதான். வென்றவர்கள் ஒரு பழைய கோவேறு கழுதையின் கழுத்துப்பட்டையை அடுத்த அக்டோபர் வரைக்கும் தங்கள் மண்டபத்தில் மாட்டிவைத்துக்கொள்வார்கள். தோற்றவர்கள் அந்த ஒரு வருஷம் பாலத்தைக் கடக்கும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடப்பார்கள்.

வெண்டல் லாக்வுட்காரர். அங்கேதான் படித்தார், அங்கேதான் ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். பிறகு விசிலைக் கழுத்தில் மாட்டி நடுவர் ஆனார். ஒரு வருஷம் இந்த லாக்வுட்–பெய்ன்ஸ் ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில், லாக்வுட் பையன் ஒருவன் கோட்டைத் தாண்டி விழுந்து ஊரே எழுந்து ஆடிக்கொண்டிருந்தபோது, வெண்டல் தப்பாட்டம் என்று காட்டும் மஞ்சள் துணியை வீசினார். இன்னொரு லாக்வுட் பையன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான் என்று புள்ளியை ரத்து செய்தார். இழுத்தவன் வெண்டலின் பெரியப்பா மகனுக்கு மகன். அதோடு லாக்வுட் தோற்றது. அந்தக் கோடையில் குடும்பம் மொத்தமும் கூடிய விருந்தில் பெரியப்பா மகன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். வெண்டல் உருளைக்கிழங்கு சாலட்டைத் தின்றுகொண்டே, "பிடிச்சான், ஊதினேன்" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த ஒரு விசிலுக்காகத்தான் கல்லூரித் தலைவர்கள் அவரைக் கூப்பிட்டு அட்டவணை போடும் வேலையைக் கொடுத்தார்கள். சின்ன வீடு, பழைய லாரி, முழங்கால் வலி. இவை போக அவரிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: "வெண்டல் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று இரண்டு கரைக்காரர்களும் சொன்னது. அது போய்விட்டால் அந்த மனிதரிடம் ஒன்றுமில்லை, அது அவருக்கும் தெரியும்.

டென்னசியிலிருந்து ஒரு கல்லூரியும் ஜார்ஜியாவிலிருந்து ஒரு கல்லூரியும் எங்கள் கூட்டமைப்பில் வந்து சேர்ந்தன. பத்து பன்னிரண்டானது. இனி எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது, வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று தலைவர்கள் முடிவு செய்தார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நிலத்தை அளந்துவிடலாம், கிணறு யாருக்கு என்று வரும்போதுதான் அரிவாளை எடுப்பார்கள். எங்களுக்கு ஆறுதான் எல்லைக்கோடாக வந்து வாய்த்தது. லாக்வுட் வடக்கே போயிற்று, பெய்ன்ஸ் தெற்கே போயிற்று. அந்த வாரம் போனை எடுத்து எடுத்து என் காது சிவந்துவிட்டது.

வெண்டல்தான் வழி கண்டுபிடித்தார். பிரிவுக்குள் நடக்கும் ஆட்டங்கள் அக்டோபர், நவம்பரில். பிரிவு தாண்டி நடக்கும் ஆட்டங்கள் செப்டம்பரில். ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் அடுத்த பிரிவில் ஒரு நிரந்தர எதிராளி உண்டு, அந்த ஆட்டத்தை மட்டும் அட்டவணை போடுபவர் எந்த வாரத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். தலைவர்கள் கைதட்டி ஒப்புக்கொண்டார்கள். எங்கள் அறைச் சுவரில் ஒரு பெரிய இரும்புப் பலகை இருந்தது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு நிறத்தில் காந்த வில்லைகள். வெண்டல் முதன்முதலில் ஒட்டியது லாக்வுட்டின் பச்சையையும் பெய்ன்ஸின் மெரூனையும்தான், அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமையில். "இதை ஆணி மாதிரி அடிச்சாச்சு மேவிஸ். மத்ததெல்லாம் இதைச் சுத்தி ஆடட்டும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவர் மகள் கொரின் அலுவலகத்துக்கு வந்தாள். மினசோட்டாவில் நர்ஸாக இருந்தாள். மாப்பிள்ளை அந்தப் பக்கத்துப் பையன், ஆண்டர்ஸ், கடற்படையில் வேலை. அவனுடைய கப்பல் அக்டோபர் நடுவில் ஒரே ஒரு வாரம்தான் கரையில் நிற்குமாம். வெள்ளிக்கிழமை வைக்கலாமென்றால் பள்ளிக்கூடங்களின் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். மிச்சமிருந்தது அந்த வாரத்துச் சனிக்கிழமை, அதே அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை.

"அந்த ரெண்டு காந்தத்தை மட்டும் நகர்த்துங்கப்பா, போதும்" என்றாள், பலகையைப் பார்த்துக்கொண்டே.

"அது வெறும் காந்தமாம்மா?"

"பின்ன என்ன? ஆண்டர்ஸோட அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எங்க சொந்தக்காரங்க யாரும் வரமாட்டாங்க, மேட்ச் பாக்கப் போயிருப்பாங்கன்னா? அந்தம்மா என்னைப் பைத்தியம்னு நினைப்பாங்க."

"நான் வருவேன்ல."

"நீங்க வருவீங்க. சர்ச்சுல நீங்களும் நானும் பாதிரியாரும். நல்லா இருக்கும்பா!"

நான் தட்டச்சு செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

"என் பொறந்த நாள் செப்டம்பர்ல வருது" என்றாள் கொரின். "சனிக்கிழமைல வந்த ஒரு பொறந்த நாளுக்காவது நீங்க வீட்டுல இருந்திருக்கீங்களா? நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா? இது ஒண்ணுதான் கேக்குறேன்."

"முடியாதும்மா" என்றார் வெண்டல். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கீழே பல் டாக்டரின் கதவு அதிரும்படி வாசல் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை நான் வந்தபோது பச்சையும் மெரூனும் செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமையில் இருந்தன. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமையில் இரண்டு கல்லூரிக்கும் ஓய்வு. "என்னது இது?" என்று கேட்டேன். வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "பிரிச்சா அப்படித்தான் விழுது மேவிஸ்" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கோடு தாண்டாத மனிதர், ஒரே ஒரு தடவை, அதுவும் பெண்ணுக்காக. போகட்டும் என்று காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அட்டவணை மார்ச்சில்தான் வெளியாகும், அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் வெண்டலின் மனைவி ஜுவனெல் பிப்ரவரியிலேயே ஹாய்ட் ஸ்னெல்க்ரோவைக் கூப்பிட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் முழுப் பன்றியை விறகுப் புகையில் பதமாக வாட்டத் தெரிந்தவன் ஹாய்ட் ஒருவன்தான். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை அவன் அடுப்பு மைதானத்தின் வாசலில்தான் எரியும். பெண்ணின் கல்யாணத்துக்கு ஹாய்ட் கிடைக்காமல் போய்விடுவானோ என்று ஜுவனெலுக்குப் பயம், வேறொன்றுமில்லை. ஹாய்ட் இதை எங்கள் எல்லாரிடமும் நடித்தே காட்டினான்.

"அக்கா, அன்னைக்கு மேட்சாச்சே? நான் எப்படி வர்றது?"

"அன்னைக்கு மேட்ச் இல்ல ஹாய்ட். காலிதான்."

"யாருக்கா சொன்னது?"

"இவர்தான் சொன்னார். நீ மூணு பன்னிக்குச் சொல்லி வச்சிரு."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. முடி வெட்டும் கடை, பெட்ரோல் பங்க், எங்கள் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழு என்று பத்தே நாளில் இந்தக் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மார்ச்சில் வெண்டல் பத்திரிகைக்காரர்களிடம், "புதுப் பிரிவினையில இது தவிர்க்க முடியாததாப் போச்சு" என்று படித்துச் சொன்னபோது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அந்தக் காட்சியை நாங்கள் எல்லாரும் பவ்யமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் மரியாதை என்றால் உண்மையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லாமல் இருப்பது. "ஆமா வெண்டல், வேற வழி ஏது, பாவம் நீங்க" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் சிரித்தார்கள். எங்களுக்குத் தெரியும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

பெய்ன்ஸின் பயிற்சியாளர் லெமுயல் பிக்கென்ஸ். அந்தக் கல்லூரிக்கு வந்த முதல் கறுப்பினப் பயிற்சியாளர். முதல் இரண்டு வருஷமும் லாக்வுட்டிடம் தோற்றிருந்தார். மூன்றாவது வருஷம் அவரிடம் மால்கம் பெட்வே என்று ஒரு குவார்ட்டர்பேக் இருந்தான், பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன். அப்படி ஒரு கை எங்கள் பக்கத்தில் ரொம்ப நாளாக வந்ததில்லை. குளிர்காலத்தில் அவனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, செப்டம்பர் கடைசியில்தான் ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டவணை வெளியான அன்று தொலைக்காட்சிக்காரர்கள் பிக்கென்ஸிடம் போய், செப்டம்பரில் ஆட்டத்தை வைத்தால் உங்களுக்குத்தானே நஷ்டம், எதிர்த்துக் கேட்பீர்களா என்று மைக்கை நீட்டினார்கள்.

நானும் வெண்டலும் அதை அலுவலகத்தில் நின்றுகொண்டே பார்த்தோம். பிக்கென்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வெண்டல் டிட்மோர் விசில் ஊதுன காலத்திலேர்ந்து எனக்கு அவரைத் தெரியும். சொந்தக் கல்லூரிக்கு எதிரா, சொந்த ரத்தத்துக்கு எதிரா ஊதுனவர் அவர். வேற ஒரு வழி இருந்திருந்தா அந்த மனுஷன் அதைப் பண்ணியிருப்பார். அவர் போட்ட அட்டவணையை நான் கேள்வி கேக்க மாட்டேன்" என்றார்.

வெண்டல் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஆள் மாறிப்போனார். மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குப் போவதை நிறுத்தினார். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை ஏந்தி வரிசை வரிசையாகப் போகிறவர் அவர்தான், அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். யாராவது போனில் "உங்களை மாதிரி நியாயமானவர்" என்று தொடங்கினால், "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவார். ஜூன் மாதம் ஒரு நாள் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, அந்தப் பச்சை, மெரூன் வில்லைகள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் மாத்தலாம் வெண்டல்" என்றேன்.

"கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சு மேவிஸ். மாப்பிள்ளை வீட்டுல ப்ளேன் டிக்கெட்டும் எடுத்துட்டாங்க." வில்லைகளை உருட்டிக்கொண்டே, "பிக்கென்ஸ் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா மாத்தியிருப்பேன்னு நினைக்கிறேன். இப்ப மாத்தினா ஏன் மாத்தினேன்னு அவர்கிட்ட சொல்லணுமே" என்றார். எனக்கு அது புரிந்தது. தப்பைவிட அந்த நல்ல வார்த்தைதான் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. வில்லைகளைத் திரும்பச் செப்டம்பரிலேயே ஒட்டினார்.

செப்டம்பரில் ஆட்டம் நடந்தது. பெட்வே சாதாரணச் சட்டையில் ஓரத்தில் நின்றான். மெரூன் சட்டைப் பையன்கள் வெயிலில் பந்தைப் பிடிப்பதும் தவறவிடுவதுமாகத் திண்டாடினார்கள். லாக்வுட் அவர்களைத் துவைத்துக் காயப்போட்டது. ஆட்டம் முடிந்ததும் லாக்வுட்காரர்கள் சிலர் படியேறி வந்து, "நம்ம ஆளுய்யா!" என்று வெண்டலின் முதுகில் அடித்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். ஊருக்குத் தெரிந்துவிட்டதோ என்று அன்றுதான் அவருக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முகம் சாம்பல் பூத்துவிட்டது. கழுத்துப்பட்டையைக் கொடுக்கும் சடங்குக்குக்கூட நிற்காமல் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் முதல் வாரத்தில் பெய்ன்ஸ் கல்லூரி பிக்கென்ஸை நீக்கியது. பெட்வே திரும்பி வந்து அடுத்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்திருந்தான், ஆனாலும் நீக்கினார்கள். ஆற்றுக்கு அக்கரைக்காரனிடம் மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றவனை அங்கே யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிக்கென்ஸ் கூட்டமைப்பின் பழைய படச்சுருள்களைத் திருப்பிக் கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெண்டல் எழுந்து நின்றார்.

"என்னங்க, நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க? வேலை போனது எனக்கு!" என்று பிக்கென்ஸ் சிரித்தார். "மனசுல வச்சுக்காதீங்க. ஜெயிச்சிருந்தா வச்சிருப்பாங்க, தோத்தேன், அனுப்பிட்டாங்க. கொரின் கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். என் வீட்டுக்காரி டெலோரஸ் கேக் பண்றதா இருக்கா."

அவர் படியிறங்கும் வரை வெண்டல் நின்றுகொண்டேதான் இருந்தார்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. அப்படிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அக்டோபர் வெயிலில் ஊரே கோட்டும் தொப்பியுமாகத் திரண்டிருந்தது. மினசோட்டா சம்பந்தியம்மா, "உங்க ஊர்க்காரங்க எவ்வளவு பாசமா வந்திருக்காங்க!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் விருந்து. ஹாய்ட் பன்றிகளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். ஓர மேஜையில் பெண்கள் கொண்டுவந்த பதார்த்தங்கள் இருந்தன. நடுவில் டெலோரஸ் பிக்கென்ஸின் கேக், உயரமான கண்ணாடித் தட்டில், எலுமிச்சை வாசனையோடு. மற்றதெல்லாம் தொடாமல் கிடக்க, அதைத்தான் முதலில் வெட்டினோம்.

பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கண்ணாடி டம்ளரைத் தட்டினார்கள். வெண்டல் இனிப்பு டீயைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கொரினைப் பற்றி ஏதோ சொன்னார், மாப்பிள்ளையை வரவேற்றார். பிறகு நிறுத்தினார். பிக்கென்ஸும் டெலோரஸும் உட்கார்ந்திருந்த மேஜையைப் பார்த்தார்.

"இந்தச் சனிக்கிழமை தானாக் காலியாகல" என்றார். "நான்தான் காலி பண்ணேன். என் பொண்ணு கல்யாணத்துக்காக மேட்சை செப்டம்பருக்குத் தள்ளினேன். புதுப் பிரிவினையால தள்ள வேண்டியதாச்சுன்னு சொன்னது பொய். தள்ள வேண்டிய அவசியமே இல்ல. அக்டோபர்லயே வச்சிருக்கலாம், முதல்ல அங்கதான் வச்சிருந்தேன். அதனால ஒரு நல்ல மனுஷனோட வேலை போச்சு. அவர் இங்கதான் உக்காந்திருக்கார். அவர் முன்னால சொல்லணும்னுதான் சொல்றேன்."

கொரின் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றபடி கூடத்தில் யாரும் அதிர்ந்துபோகவில்லை. ஒரு முள்கரண்டிகூடக் கீழே விழவில்லை. பின்னால் யாரோ எலும்பைக் கடித்துக்கொண்டேயிருந்தார்கள். வெண்டல் முகத்துக்கு முகம் பார்த்தார். எல்லா முகத்திலும் ஒரு சங்கடமான புன்னகை இருந்தது.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றார் மெதுவாக.

"விடுங்கண்ணே, நல்ல நாள் அதுவுமா" என்றான் ஹாய்ட். "பிப்ரவரியிலயே தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க, நீங்க ஒண்ணுதானே சொன்னீங்க!"

கூடம் குலுங்கச் சிரித்தது. தப்பிச்சோம்டா சாமி என்கிற சிரிப்பு. சிலர் கைகூடத் தட்டினார்கள். வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை. வருஷக்கணக்கில் தன்னிடம் இருந்ததாக நம்பிய ஒன்றே ஒன்று பிப்ரவரியிலேயே போய்விட்டது என்று அந்தச் சிரிப்பில்தான் அவருக்குத் தெரிந்தது.

அப்போது பிக்கென்ஸ் எழுந்து நின்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் வெண்டலைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

"நான் டிவில பேசினேனே, மார்ச்சுல" என்றார். "அப்ப உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

அவர் போகும் தேவாலயம் வேறு, அவர் முடி வெட்டிக்கொள்ளும் கடை வேறு. சேதி ஊரெல்லாம் போன வழியில் அவர் வீடு இல்லை. அதை அவர் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைவிடச் சரியாகச் சொன்னால், தோன்றியது, வாய் வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு பேசியதைப் பார்த்து முடி வெட்டும் கடையில் ஆட்கள் சிரித்தார்கள் என்று நானே கேள்விப்பட்டிருந்தேன்.

பிக்கென்ஸ் வெண்டலிடம் திரும்பினார். "நீங்களாவது சொன்னீங்க" என்றார். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. பிறகு மணமக்களிடம் போய், மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, கொரினின் தலையில் கைவைத்து, "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுக்கப் போனார்.

டெலோரஸ் அவர் பின்னால் போகவில்லை. நேராக ஓர மேஜைக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுவந்த பாத்திரத்தை யாரும் அன்றே திரும்ப எடுத்துக்கொண்டு போவதில்லை. கழுவித் துடைத்து, அதில் வேறொன்றை வைத்து, நாம்தான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாப்பாடு மிச்சமிருக்கும் பாத்திரத்தை ஒருத்தி எடுத்துக்கொண்டு போய் நான் பார்த்ததே இல்லை. டெலோரஸ் பாதி வெட்டிய கேக்கின் மேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்தாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, எங்கள் நடுவில் நடந்து வாசலுக்குப் போனாள்.

கை இரண்டும் நிறைந்திருந்ததால் அவளால் கதவைத் திறக்க முடியவில்லை. வெண்டல் தலைமேஜையிலிருந்து நொண்டிக்கொண்டே ஓடிப்போய்த் திறந்து பிடித்தார். அவரை எப்போதும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறவள் அவள். "நன்றிங்க, மிஸ்டர் டிட்மோர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார், உள்ளே வரவும் இல்லை, அவர்கள் பின்னால் போகவும் இல்லை. அப்பாவும் பெண்ணும் ஆட வேண்டிய பாட்டைப் போட்டுவிட்டார்கள். கொரின் நடுக்கூடத்தில் தனியாக நின்றாள்.

நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். என் தட்டில் டெலோரஸின் கேக் ஒரு துண்டு இருந்தது. பாதியைத் தின்றிருந்தேன். மிச்சத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.